வரி காய்ச்சிய கறுப்பு ஏல்

1844 வாக்கில் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் எடுக்கப்பட்ட ஒரு புகைப்படம் உண்டு. மூன்று நண்பர்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிறார்கள். முன்னால் உயரமான, ஒடுங்கிய கண்ணாடிக் குவளைகள். அந்தக் காலத்துப் புகைப்படம் என்றால் வெயிலில் அசையாமல் உட்கார வேண்டும். அதனால்தான் பழைய படங்களில் எல்லோரும் இழவு வீட்டில் இருப்பதுபோல இருப்பார்கள். இந்த மூவர் முகத்தில் மட்டும் உற்சாகம் வழிகிறது. படத்தின் பெயரே ‘எடின்பரோ ஏல்’.

ஒருவர் டேவிட் ஆக்டேவியஸ் ஹில், ஓவியர். இன்னொருவர் ஜேம்ஸ் பாலன்டைன், வண்ணக் கண்ணாடிச் சாளரங்கள் செய்தவர், எழுத்தாளரும்கூட. மூன்றாமவர் ஜார்ஜ் பெல், ஏழைகள் வாழ்ந்த சந்துகளைப் பற்றி எழுதிய மருத்துவர். படம் எடுத்த ஹில்லின் கூட்டாளி ராபர்ட் ஆடம்சன் 26 வயதிலேயே, 1848-இல் இறந்துபோனார். புகைப்படக் கலையின் வரலாற்றில் இந்த இருவருக்கும் பெரிய இடம் உண்டு. நான் இன்று பேசப்போவது அந்தக் குவளையில் இருந்ததைப் பற்றி.

பியர் என்று நாம் பொதுவாகச் சொல்வதில் இரண்டு பெரிய குடும்பங்கள். குளிரில் மெதுவாக நொதிக்கவிட்டுச் செய்வது லாகர்; நம் ஊர்க் கடைகளில் மஞ்சள் நிறத்தில் கிடைப்பதெல்லாம் அநேகமாக அதுதான். அதைவிடச் சற்று வெதுவெதுப்பில், வேறு வகை ஈஸ்ட் கொண்டு செய்வது ஏல். எடின்பரோ ஏல் அந்த இரண்டாவது குடும்பத்தின் பெரியண்ணன். முளைகட்டி உலர்த்திய பார்லியைத் தாராளமாகப் போட்டு, தித்திப்பான கெட்டிச் சாறு எடுத்து, நொதிக்க வைத்து, மாதக்கணக்கில் ஆறப்போட்டுக் குடிப்பது. குடித்தால் உதடு இரண்டும் ஒட்டிக்கொள்ளும், ஒரு பாட்டிலுக்கு மேல் வெகு சிலரால்தான் தாங்க முடியும் என்று அந்த ஊர்ப் பழங்கதைகளைத் தொகுத்த ராபர்ட் சேம்பர்ஸ் எழுதி வைத்திருக்கிறார்.

இதைக் குடிக்க எடின்பரோவில் பேர்போன இடம் லிபர்டன்ஸ் வைண்ட் என்ற சந்தில் இருந்த ஜானி டவுயி கடை. யங்கர் குடும்பத்து ஏல் அங்கே கிடைக்கும். கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் அங்கே வந்து போனவர். பர்ன்ஸைக் கவிஞராகத்தான் உலகம் அறியும். என்னைப்போல் அரசாங்கக் கோப்பில் ஆயுளைக் கழித்தவனுக்கு அவரிடம் வேறொரு பாசம்: 1789 முதல் 1796-இல் சாகும்வரை அவர் கலால் துறை ஊழியர். ஆரம்பச் சம்பளம் வருஷத்துக்கு 50 பவுன். பீப்பாயை அளந்து, கணக்கெழுதி, வரி போடுவது வேலை. மாலையில் குடித்ததைக் காலையில் அளந்தவர் என்று சொல்லலாம்.

இந்த ஏலின் கதையே அந்தக் கலால் நோட்டுப் புத்தகத்தில்தான் இருக்கிறது என்பது என் கட்சி. மூடுபனி, மலைச்சாரல், பைப் இசை என்று லேபிளில் போடுவதெல்லாம் விற்பனைக்கு. இந்த மது கெட்டியானதும், பின்னால் சிறுத்ததும், வேறு நாட்டுக்குக் குடிபெயர்ந்ததும் சட்டங்களால்.

1707-இல் ஸ்காட்லாந்தும் இங்கிலாந்தும் ஒரே நாடாக இணைந்தன. அந்த உடன்படிக்கையின் ஏழாவது பிரிவைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. இரண்டு ராஜ்ஜியங்கள் சேர்கின்றன. நடுவே பியர் பீப்பாயின் அளவு! இங்கிலாந்து அளவில் 34 காலன், அதாவது ஸ்காட்லாந்து அளவில் 12 காலன் கொண்ட பீப்பாய், எடின்பரோவில் 9 ஷில்லிங் 6 பென்னிக்கு விற்கும் சாதாரண ஏலுக்கு, 2 ஷில்லிங்குக்கு மேல் கலால் வரி கூடாது என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள் ஸ்காட்லாந்துக்காரர்கள். வரைவு எழுதிய குமாஸ்தா யாரோ, கெட்டிக்காரன்.

ஆனால் லண்டன் விடவில்லை. பியர்மேல் கைவைக்க முடியாவிட்டால் மால்ட்மேல், அதாவது முளைகட்டிய பார்லிமேல், கைவைக்கலாமே? 1725-இல் ஒரு புஷலுக்கு மூன்று பென்னி என்று மால்ட் வரி வந்தது. கிளாஸ்கோவில் கலவரம். அந்த ஊர் நாடாளுமன்ற உறுப்பினர் ஷாஃபீல்ட் கேம்ப்பெலின் மாளிகையைக் கூட்டம் சூறையாடியது. ராணுவம் சுட்டதில் ஆட்கள் செத்தார்கள். எடின்பரோவில் கலவரம் இல்லை. பியர் ஆலைக்காரர்கள் ஒன்றுகூடி அடுப்பை அணைத்துவிட்டார்கள். காய்ச்சியே ஆகவேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவு போட்டது, சிலரைச் சிறையில் வைத்தது. வேலைநிறுத்தம் கொஞ்ச நாளில் முறிந்தது.

வரி கட்டியாவது காய்ச்சுவது என்று ஆனபின் அந்த ஊர் நன்றாகவே காய்ச்சியது. எடின்பரோவின் அடியில் பியருக்கு ஏற்ற உப்புகள் கொண்ட கடினநீர் ஓடுகிறது. ஹோலிரூட், கேனன்கேட், கவ்கேட் வட்டாரத்துக் கிணறுகளுக்கு அதனாலேயே மதிப்பு. ஹோலிரூட் மடம் 1128-இல் ஏற்பட்டது. அங்கிருந்த துறவிகள் தொடங்கி வைத்த தொழில் அது. பக்கத்து லோதியன் வயல்களில் நல்ல பார்லி, நிலத்தடியில் நிலக்கரி. வேறென்ன வேண்டும்?

1837-இல் டபிள்யூ. எச். ராபர்ட்ஸ் என்பவர் ஸ்காட்லாந்து ஏல் காய்ச்சுவதைப் பற்றியே ஒரு புத்தகம் எழுதினார். இங்கிலாந்துக்காரர்கள் ஒரே மால்ட்டை இரண்டு மூன்று தடவை வெந்நீரில் ஊறவைத்துச் சாறு இறக்குவார்கள். ஸ்காட்லாந்தில் ஒரே தடவைதான் ஊறவைப்பது. பிறகு மேலேயிருந்து வெந்நீரைத் தூறல்போலத் தெளித்து மிச்ச இனிப்பையும் கழுவி எடுப்பது. டிகாஷன் இறக்குகிறவர்களுக்கு இது சட்டென்று புரியும். அந்தச் சாற்றை ஏறத்தாழ 10 முதல் 14 டிகிரி செல்சியஸ் குளிர்ச்சியில் நொதிக்க விடுவார்கள். ஈஸ்ட் அவசரப்படாமல் இரண்டு மூன்று வாரம் எடுத்துக்கொள்ளும். எல்லாச் சர்க்கரையையும் தின்றுவிடாமல் கொஞ்சம் மிச்சம் வைக்கும். உதடு ஒட்டிய ரகசியம் அதுதான்.

பிறகு வந்தது கிளாட்ஸ்டனின் 1880-ஆம் வருஷத்துச் சட்டம். மால்ட் வரியை எடுத்துவிட்டு, நொதிப்பதற்கு முன் சாறு எவ்வளவு கெட்டி என்று அடர்த்திமானியில் பார்த்து வரி போட ஆரம்பித்தார்கள். பால் சொசைட்டியில் லாக்டோமீட்டரை மிதக்கவிடுவார்களே, அதே தத்துவம். தண்ணீர் 1000 என்றால் சாறு 1057 இருந்தால், 36 காலன் பீப்பாய்க்கு 6 ஷில்லிங் 3 பென்னி. அதைவிடக் கெட்டியானால் விகிதப்படி கூடும். மதுவின் வலிமையையே நேராக வரி தொட்டது இந்த முறையில்.

வரி லேசாக இருந்தவரை யாரும் கவலைப்படவில்லை. 1914-இல் யுத்தம் வந்தது. அதற்கு முன் 7 ஷில்லிங் 9 பென்னியாக இருந்த தீர்வை, அந்த வருஷ நவம்பரிலேயே 23 ஷில்லிங் ஆனது. 1920-இல் 100 ஷில்லிங். ஆறு வருஷத்தில் பன்னிரண்டு மடங்குக்கு மேல்! நடுவில் தானியத் தட்டுப்பாடு வேறு; இத்தனை கெட்டிக்குமேல் சராசரியாகக் காய்ச்சக் கூடாது என்று அரசாங்கக் கட்டுப்பாடு. யுத்தத்துக்கு முன் 1050-க்கு மேல் இருந்த பிரிட்டிஷ் பியரின் சராசரி அடர்த்தி, முடியும்போது 1030 வாக்கில் வந்து நின்றது. பெரியண்ணன் எலும்பும் தோலுமானார்.

ஷில்லிங் கணக்கு இன்னொரு வேடிக்கை. ஸ்காட்லாந்து மதுக்கடைகளில் 60 ஷில்லிங், 70 ஷில்லிங், 80 ஷில்லிங் என்று ஏலுக்குப் பெயர். 19-ஆம் நூற்றாண்டில் அது பீப்பாயின் மொத்த விலை. விலை ஏற ஏற சரக்கு கெட்டி. வரியும் விலைவாசியும் ஏறியபின் அந்த எண்ணுக்கும் விலைக்கும் சம்பந்தமே இல்லாமல் போயிற்று. 1971-இல் ஷில்லிங் கணக்கே ஒழிந்தது. பெயர் மட்டும் நிற்கிறது. சம்பளக் கமிஷன் நாலு தடவை மாறியபிறகும் பழைய ஸ்கேலின் பெயரால் ஆட்களைக் கூப்பிடுகிற அலுவலகங்களில் இருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கெட்டி ஏல் முழுக்கச் சாகவில்லை, சிறுத்தது. எடின்பரோவுக்குக் கிழக்கே கடலோரத்தில் பிரெஸ்டன்பான்ஸ் என்ற ஊர். அங்கே ஃபௌலர் ஆலையில் செய்த ‘பன்னிரண்டு கினி ஏல்’ சின்ன பாட்டிலில் வந்தது. ஒரு பைன்டில் மூன்றில் ஒரு பங்கு. நம் கணக்கில் சுமார் 190 மில்லி. ஜனங்கள் அதை ‘வீ ஹெவி’ என்றார்கள். ‘வீ’ என்றால் அவர்கள் பேச்சில் சின்னது, ‘ஹெவி’ கனமானது. ‘குட்டிக் கனம்’ என்று வைத்துக்கொள்ளுங்கள். 1960-களின் தொடக்கத்தில் ஃபௌலர் ஆலை மூடப்பட்டது. பெயர் நின்றது, இன்று உலகம் முழுக்க இந்த வகைக் கறுத்த கெட்டி ஏலுக்கே அதுதான் பெயர்.

இப்போது கடலைத் தாண்டிப் பெல்ஜியத்துக்குப் போக வேண்டும். ஏனென்றால் ஏல் அங்கேதான் போனது.

ஜான் மார்ட்டின் என்ற ஆங்கிலேயர் 1909-இல் ஆன்ட்வெர்ப்பில் பிரிட்டிஷ் பியர் இறக்குமதி வியாபாரம் ஆரம்பித்தார். பிறகு யுத்தம், ஸ்காட்லாந்துச் சிப்பாய்கள் ஆயிரக்கணக்கில் அந்த மண்ணில் இருந்தார்கள். அதைவிட முக்கியமான காரணம், நான் சொல்கிற இரண்டாவது சட்டம். எமில் வான்டர்வெல்ட் என்ற சோஷலிஸ்ட் தலைவர் 1919 ஆகஸ்டில் கொண்டுவந்தது. தொழிலாளிகள் ஜெனீவர் என்ற காட்டமான சாராயத்தில் கூலியைக் கரைக்கிறார்கள் என்பது அவர் கவலை. கஃபேக்களில் சாராய வகை எதையும் விற்கக் கூடாது. கடையில் வாங்குவதானால் ஒரே தடவையில் இரண்டு லிட்டராவது வாங்க வேண்டும். கூலிக்காரனிடம் அவ்வளவு காசு ஏது? இந்தச் சட்டம் 1983 வரை இருந்தது.

சட்டத்தில் பியரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அப்புறம் என்ன நடக்கும்? கடலுக்கு அந்தப் பக்கம் கெட்டி பியருக்கு வரி போட்டு ஒடுக்குகிறார்கள். இந்தப் பக்கம் சாராயத்தைத் தடுத்து, கெட்டி பியருக்கு வாசலைத் திறந்துவிடுகிறார்கள். எல்லையில் வரி மாறினால் குடிப்பவனும் குப்பியும் எந்தப் பக்கம் நகரும் என்று புதுச்சேரிக்காரர்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டாம். வாரக் கடைசியில் கோரிமேட்டிலும் கன்னியக்கோயிலிலும் நின்று பார்த்தால் போதும்.

ஸ்காட்லாந்து ஆலைகள் பெல்ஜியத்துக்கென்றே தனியாகக் கெட்டி ஏல் காய்ச்சி அனுப்பின. மார்ட்டின் கம்பெனியின் ‘கார்டன்’ அப்படிப் பல பத்தாண்டுகள் ஸ்காட்லாந்தில் காய்ச்சி, இங்கே விற்கப்பட்டது. ஸ்காட்லாந்தின் சின்னமான முட்பூ வடிவத்தில் அதற்கொரு குவளையும் செய்தார்கள். உள்ளூர் ஆலைகளும் இறங்கின. பிரஸ்ஸல்ஸுக்குத் தென்மேற்கே ‘சில்லி’ என்று ஒரு கிராமம், சில் என்ற ஓடையால் வந்த பெயர். ஆங்கிலம் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். பிரெஞ்சு படித்த எனக்கு முதலில் என்ன சிரிப்பு என்றே தெரியவில்லை. அந்த ஊர் ஆலை ‘ஸ்காட்ச் சில்லி’ என்று ஒன்றைச் செய்கிறது. முதல் உலக யுத்த காலத்தில் வந்த ஒரு ஸ்காட்லாந்துச் சிப்பாய் தந்த செய்முறை என்பது ஆலைக்காரர்கள் சொல்லும் கதை.

பாரிஸில் ‘ஸ்காட்ச்’ கேட்டால் விஸ்கி வரும், ஸ்டேஷனரிக் கடையில் கேட்டால் ஒட்டும் டேப் வரும். பெல்ஜியத்துப் பழைய கஃபேயில் கேட்டால் கறுத்த ஏல் வரும். மூன்றும் ஒட்டும்.

பிறந்த ஊரில் என்ன ஆயிற்று? வில்லியம் மெக்யூவன் 1856-இல் ஃபவுன்டன்பிரிட்ஜில் ஆலை தொடங்கி, பெரும் பணக்காரராகி, எடின்பரோ பல்கலைக்கழகத்துக்கு 1897-இல் ஒரு மண்டபமே கட்டிக் கொடுத்தவர். அவர் ஆலையும் யங்கர் ஆலையும் 1931-இல் சேர்ந்தன. 1960-இல் இங்கிலாந்தின் நியூகாசில் ஆலைகளோடு கலந்தன. ஹோலிரூட்டில் அந்தக் கம்பெனியின் தலைமையகம் இருந்த இடத்தில் இன்று ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் நிற்கிறது. ஃபவுன்டன் ஆலை 2004-இல் மூடப்பட்டது. 1869 முதல் இருந்த கலெடோனியன் ஆலை 2022-இல். மெக்யூவன் என்ற பெயரை 2011-இல் ஓர் ஆங்கிலேயக் கம்பெனி வாங்கி, இங்கிலாந்தின் பெட்ஃபோர்டில் காய்ச்ச ஆரம்பித்தது.

ஒரே ஒரு வீடு விதிவிலக்கு. எடின்பரோவுக்குத் தெற்கே, ட்வீட் ஆற்றுப் பக்கம் ட்ராக்வேர் என்ற பழைய மாளிகை. பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மரி ஸ்துவார் ராணியைத் தெரியும். பதினாறு வயதில் பிரான்சுக்கே ராணியாகி, பதினேழில் விதவையாகி, பிறகு ஸ்காட்லாந்து திரும்பியவர். 1566-இல் அவர் இந்த வீட்டில் தங்கினார். 1745-இல் அதே வம்சத்து இளவரசர் சார்ல்ஸ் எட்வர்ட் வந்துபோனபின் வீட்டின் பெரிய ‘கரடி வாசலை’ மூடினார்கள். ஸ்துவார்ட் வம்சம் மறுபடி அரியணை ஏறும்வரை திறப்பதில்லை என்பது குடும்பத்து வாக்கு. இன்றும் மூடித்தான் இருக்கிறது. அந்த வீட்டுச் சொந்தக்காரர் பீட்டர் மேக்ஸ்வெல் ஸ்டூவர்ட், பழஞ்சாமான் அடைந்த அறையில் 18-ஆம் நூற்றாண்டுச் செப்புக் கொப்பரையும் ஓக் மரத் தொட்டிகளும் இருப்பதைப் பார்த்து, 1965-இல் அடுப்பை மூட்டினார். இப்போது அவர் மகள் நடத்துகிறார். இன்றும் ஓக் தொட்டியில்தான் நொதிக்கிறது. ஆல்கஹால் 7.2 சதவீதம்.

சில வருஷங்களுக்கு முன் பாரிஸுக்கு வடக்கே சர்செலில் என் பள்ளித் தோழர் ஒருவர் வீட்டில் இருந்தபோது, ட்ராக்வேர், கார்டன், சில்லி மூன்றையும் வைத்து மார்க் போட்டோம். தோழர் சொல்தா, பதினெட்டு வயதில் பிரெஞ்சு ராணுவத்தில் சேர்ந்து, பென்ஷன் வாங்கி, அங்கேயே தங்கிவிட்டவர். மூன்றாம் ஆள் எங்களோடு படித்த வாத்தியார். அமெரிக்காவில் 1985 முதல் பியர் நடுவர்களுக்கென்று ஒரு சங்கம் இருக்கிறது. அவர்கள் மார்க் முறைப்படி மொத்தம் 50: வாசனைக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் நிற்கும் கனத்துக்கு 5, மொத்த அபிப்பிராயத்துக்கு 10. தாளில் ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டது நான். நாற்பது வருஷப் பழக்கம்.

இந்த வகையைக் குளிரக் குளிரக் குடிக்கக் கூடாது. ஃபிரிஜ்ஜிலிருந்து எடுத்து அரை மணி வெளியே வைத்தால்தான் வாசனை எழும். ட்ராக்வேர் வெளிச்சத்தில் பார்த்தால் செம்மை கலந்த கறுப்பு. வாயில் மால்ட்டின் தித்திப்பு, பின்னாலேயே மரத்தின் லேசான துவர்ப்பு, கடைசியில் கொஞ்சம் புளிப்பு. கார்டனில் தித்திப்பு தூக்கல், நுரையும் நிறைய. சில்லி இன்னும் சர்க்கரை. வறுத்த மீன் கொண்டுவந்த தோழரின் சம்சாரம் கார்டன் குவளையை மோந்து பார்த்து, “வெல்லப்பாகு அடிபிடிச்ச வாடை” என்று சொல்லிவிட்டுப் போனார். பக்கம் பக்கமாக எழுதும் நடுவர்கள் யாரும் இவ்வளவு சரியாகச் சொன்னதில்லை.

வாத்தியார் எதிலும் புகை வாசனை இல்லை என்று மூன்றுக்கும் மார்க் குறைத்தார். பீட் என்ற மட்கிய சேற்றுக் கரியில் மால்ட்டை உலர்த்துவதால் ஸ்காட்லாந்து ஏலில் புகை இருக்க வேண்டும் என்று எங்கோ படித்திருக்கிறார். அது ஐலா தீவு விஸ்கியின் சங்கதி. எடின்பரோ நிலக்கரி மண்ணில் இருக்கிறது. அங்கே ஏலுக்கான மால்ட்டை உலர்த்தக் கரியும் கோக்கும் இருந்தன. ரான் பேட்டின்சன் என்று ஓர் ஆங்கிலேயர், ஆவணக் காப்பகங்களில் பழைய ஆலைகளின் தினசரிக் கணக்கேடுகளை ஏடு ஏடாகப் படித்தவர். புகை கிடையாது, ஸ்காட்லாந்துக்காரர்கள் ஹாப்ஸ் பூவைக் குறைவாகப் போட்டார்கள் என்பதும் கட்டுக்கதை, இருபதாம் நூற்றாண்டில் கறுப்பு நிறம்கூடப் பெரும்பாலும் கருக்கிய சர்க்கரையால் வந்தது என்று கணக்கேட்டை வைத்தே காட்டினார். அமெரிக்கச் சங்கமும் தன் பழைய விதியில் புகைக்கு இடம் கொடுத்திருந்தது. 2015-ஆம் வருஷப் பதிப்பில் பீட் புகை பொருந்தாது என்று திருத்திவிட்டது. அரசாணைக்குத் திருத்தம் வெளியிடுவதுபோல.

புகைக்குக் குறைத்தது மூன்றுக்கும் சமம் என்பதால் வரிசை மாறவில்லை. சண்டை வந்தது வேறு விஷயத்தில். கார்டன் ஒரு பெல்ஜியக் கம்பெனியின் சரக்கு, அசல் ஸ்காட்லாந்து இல்லை என்று வாத்தியார் அதில் தனியாக 7 மார்க் வெட்டினார். ட்ராக்வேருக்கு நான் 40, வாத்தியார் 38, சொல்தா 33: கூட்டல் 111. கார்டனுக்கு நான் 34, வாத்தியார் 27, சொல்தா 44: கூட்டல் 105. சில்லி 95. அந்த 7-ஐ வெட்டாவிட்டால் கார்டன் 112, ஒரு மார்க்கில் முதல்.

பிறந்த ஊருக்கு மார்க் கொடுக்கக் கட்டமே கிடையாது என்று நான் விதியைக் காட்டினேன். பெட்ஃபோர்டில் காய்ச்சிய மெக்யூவனுக்கு என்ன செய்வாய் என்றும் கேட்டேன். வாத்தியார் அசையவில்லை. “அசல்னு ஒண்ணு இருக்கில்லப்பா” என்றார்.

சொல்தா அதுவரை சும்மா இருந்தார். அவர் அப்பா 1962 ஆகஸ்டில் ஒப்பந்தம் அமலுக்கு வந்தபின், ஆறு மாதக் கெடுவுக்குள் பிரெஞ்சுக் குடியுரிமை கேட்டுக் கையெழுத்துப் போட்டவர்.

“எங்கப்பா கையெழுத்து போட்டப்ப எனக்குப் பன்னெண்டு வயசு. இங்க வந்தா நீ எந்த ஊர்ன்னு கேக்கறான். அங்க வந்தா பிரெஞ்சுக்காரன் வந்துட்டான்னு சொல்றீங்க. நீயும் சொல்லியிருக்க. அவங்க ஊர்லயே காய்ச்சறத நிறுத்திட்டாங்க, இங்க நூறு வருஷமா குடிச்சு வெச்சிருக்காங்க. இதுக்கு அசல் இல்லைன்னு ஏழு மார்க் வெட்டற. எனக்கு எவ்வளவு வெட்டுவ?”

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அவர் சம்சாரம் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், “அது வேற, இது வேறப்பா” என்றார். பென்சிலை எடுக்கவில்லை.

கார்டனின் மிச்சத்தைச் சொல்தாதான் குடித்தார். தாள் அவரிடமே இருக்கிறது. 111, 105, 95 என்று நான் கூட்டிப் போட்ட கணக்கு அப்படியே. கீழே மூவர் கையெழுத்து. அவர் கையெழுத்துக்கு மேல் மட்டும் பிரெஞ்சில் ஒரு வரி: ஆட்சேபத்துடன் ஒப்பமிடுகிறேன்.